அண்டாவுக்குள்ள அடிச்ச போன்

தம்பி, கொஞ்சம் ஜன்னலோரமா ஒதுங்கி உக்காருதியளா? போதும், போதும். நீங்க பேசுங்க, பேசி முடிங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். முன்னால ஒரு காலம்னா சொல்லிருப்பேன். இப்ப சொல்லுததில்ல. சொல்லிச் சொல்லி வாயி வலிச்சதுதான் மிச்சம்.

முடிச்சிட்டியளா? வீட்டுலயாக்கும். ஏறியாச்சா, எடம் கெடச்சுதா, எப்ப வாரே. வேணும்னு கேக்கல தம்பி. கண்ணுக்கு இமை வச்ச கடவுள் காதுக்கு ஒண்ணும் வைக்கலியே. அன்னா, பின்னால ஒருத்தன் போன்ல சத்தமா வச்சுப் பாத்துக்கிட்டு வாரான், கேக்குதா? ஒரு சிரிப்பு, ஒரு ஒப்பாரி, ஒரு கோழிக் கொழம்பு. அவன் மூஞ்சியப் பாருங்க. சிரிப்புக்கும் அதே மூஞ்சி, ஒப்பாரிக்கும் அதே மூஞ்சி.

நான் அதுக்குத்தான் திருநெல்வேலிக்குப் போறேன். இன்னைக்குத் திங்கக்கிழமைலா, கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்குவாங்க. பஸ்ஸு, ஆஸ்பத்திரி, கோயிலு, கல்யாண மண்டபம், துட்டி வீடு, துட்டின்னா எங்க பக்கம் சாவு, சனம் கூடுத எந்த எடத்துலயும் போன் வேல செய்யக் கூடாது. எழுதி ஒட்டுனாப் பத்தாது. மெசின் வைக்கணும். ஜாமர்னு ஒண்ணு இருக்காம்லா, ஜெயில்ல வைப்பாங்களாமே, அது. சிரிக்கியளா? சிரிங்க. எங்க தெருவே சிரிச்சாச்சு. சிரிக்காதவன் எம்பையன் ஒருத்தன்தான். அவன் எங்கிட்ட மொகங்குடுத்துப் பேசி வார பங்குனியோட ஒரு வருசம் ஆகப் போவுது. அவன் ஒரு வார்த்த பேசிரணும்னுதான் தம்பி நான் இந்த அலைச்சல் அலையுதேன். வேற ஒரு ஆசையும் எனக்கு இல்ல.

அவசரம்னா என்ன செய்யன்னு கேக்கிய. எல்லாரும் அதத்தான் கேக்காங்க. எது தம்பி அவசரம்? இப்ப நீங்க பேசுனீங்களே, அது அவசரமா? கோவிச்சுக்கிடாதிய. ஒரு பேச்சுக்குச் சொன்னேன். பையனுக்கும் ஜாமருக்கும் என்னய்யா சம்பந்தம்னு நெனைப்பிய. இருங்க, மொதல்ல இருந்து சொல்லுதேன். பஸ்ஸு பைபாஸ் ஏறவே இன்னும் நேரம் கெடக்கு.

எம் பேரு ஆவுடையப்பன். பஸ்ஸுல செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். செக்கர் அண்ணாச்சின்னா எங்க ஊர்ல சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெருச் சங்கத்துக்கு நாந்தான் செயலாளர். செயலாளரா இருந்தேன்னு சொல்லணும், இப்ப இல்ல.

எங்க தெருவுல மாடத்தின்னு ஒரு பிள்ள. புருசன் லாரி டிரைவர். போன எடத்துல நெஞ்சு வலின்னு சாஞ்சவன் எந்திரிக்கல. சின்ன வயசு தம்பி. பொணம் வந்து எறங்கவும் அந்தப் பிள்ள நெஞ்சுல அடிச்சுக்கிட்டு, தல விரிஞ்சு, மாராப்பு வெலகுனது கூடத் தெரியாம தரையில உருண்டா. எவனோ ஒரு கூறுகெட்ட மூதி அதப் படம் புடிச்சிட்டான். புடிச்சவன் சும்மா இருந்தானா? ஊர் பூரா அனுப்பிட்டான். பொறவு அந்த அழுத மூஞ்சிய மட்டும் வெட்டி எடுத்து, ஸ்டிக்கருங்காங்களே, அது ஆக்கிட்டானுவ. கிரிக்கெட்டுல தோத்தா அத அனுப்புதானுவ. பரோட்டாக் கடையில சால்னா தீந்துட்டுன்னா அத அனுப்புதானுவ. அந்தப் பிள்ள கடைக்குப் போனா, பயலுவ போனப் பாப்பானுவ, அவளப் பாப்பானுவ, வாயப் பொத்திக்கிடுவானுவ. தாங்க முடியாம பொறந்த ஊருக்கே போயிட்டா. அங்கயும் அந்த ஸ்டிக்கர் அவளுக்கு முன்னாலயே போயிச் சேந்திருந்துச்சாம்.

சொல்லுங்க, இத ஒருத்தன் கேக்க வேண்டாமா? நான் கேட்டேன். சங்கக் கூட்டத்துல எந்திரிச்சு, "இனிமே நம்ம தெருவுல துட்டி வீட்டுக்குள்ள போன் வரப்பிடாது"ன்னேன். ஒருத்தனும் எதுத்துப் பேசல. மாடத்தியோட மாமனாரு துண்ட வாயில வச்சுக்கிட்டு அழுதாரு. தீர்மானம் போட்டாச்சு.

சங்கத்துல விசேசத்துக்கு வாடகைக்கு விடுத பெரிய பித்தளை அண்டா ஒண்ணு உண்டு. துட்டி விழுந்தா பந்தலுக்கு முன்னால அந்த அண்டா வாசலுக்கு வந்துரும். வாரவங்க போன அதுக்குள்ள போட்டுட்டுத்தான் வீட்டுக்குள்ள காலு வைக்கணும். மொதத் துட்டியில ஒரே கூத்து. உள்ள ஒப்பாரி, வெளிய அண்டாவுக்குள்ள இருந்து குத்துப்பாட்டு. சாயந்தரம் எடுக்கப் போனா எல்லாம் ஒரே கறுப்பு, எது யாரு போனுன்னு தெரியல. ஒருத்தன் போன் இன்னொருத்தன் வீட்டுக்குப் போயி, ரெண்டு வீட்டுலயும் புருசன் பொஞ்சாதி சண்ட. பொறவு பழகிட்டாங்க. அழுதவங்க அழுதாங்க, பேசுனவங்க செத்தவரப் பத்திப் பேசுனாங்க. துட்டி வீடு துட்டி வீடா இருந்துச்சு தம்பி. பக்கத்துத் தெருக்காரங்க வந்து பாத்துட்டு, "செக்கர் அண்ணாச்சி செஞ்சதுதான் சரி"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. நான் ஒண்ணும் பெருமைக்குச் சொல்லல.

வேலம்மான்னு ஒரு பொம்பள. அவ மக பூரணம் மலேசியாவுல கெடக்கா. வேலம்மா செத்த அன்னைக்கு நான் சட்டையப் போட்டுக் கெளம்பும்போதே அந்தப் பிள்ள எனக்குப் போன் பண்ணிட்டா.

"மாமா, ஒரே ஒரு தடவ எங்கம்மா மொகத்த மட்டும் காட்டச் சொல்லுங்க மாமா. நான் சத்தம் போட மாட்டேன். அழக் கூட மாட்டேன்."

"பூரணம், ஒனக்குன்னு தொறந்து விட்டா நாளைக்கு ஊருக்கே தொறக்கணும்மா. மாடத்திய நெனச்சுப் பாரு"ன்னேன். அவ வச்சிட்டா.

எனக்கு மட்டும் நெஞ்சு என்ன கல்லா தம்பி? அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல. எம் பொஞ்சாதி சங்கரவடிவு பகல் பூராவும் வேலம்மா வீட்டுல நின்னு எல்லாக் காரியமும் பாத்துட்டு வந்தவ, எம் பக்கத்துல வந்து உக்காந்து, "சாப்பிடுங்க, பூரணம் ஒண்ணும் நெனைக்க மாட்டா"ன்னா. நல்ல மனுசி. என் மனசறிஞ்சு பேசுதான்னு நெனச்சுச் சாப்பிட்டேன். என்ன செய்ய, சட்டம்னா சட்டம். டிக்கெட் எடுக்கலன்னு எங்க பெரியப்பா மகனையே நடுவழியில எறக்கி விட்டவன் நான்.

பங்குனியில எங்க வீட்டுலயே துட்டி விழுந்துட்டு. சங்கரவடிவுதான். காலையில தல வலிக்குன்னா. மாத்திரை போட்டுக்கிட்டுப் படுத்தா. சாப்பிட எழுப்பப் போனா ஆளு இல்ல. நோயி இல்ல, நொடி இல்ல, எனக்குன்னு ஒரு வார்த்த இல்ல. அவ்வளவுதான் தம்பி.

பையன் கோமதிநாயகம், நாயகம்னு கூப்பிடுவோம், சவுதியில இருக்கான். ஒரே பையன். பாஸ்போர்ட்டு கம்பெனிக்காரன் கையில. லீவு கேட்டு, கையெழுத்து வாங்கி, வந்து சேர நாலஞ்சு நாளாவது ஆகும்னான். ஐஸ் பெட்டியில வச்சிருப்போமான்னு நானே கேட்டேன். பெரியவங்க கூடி, நாளு சரியில்ல, வைக்க வேண்டாம், கொள்ளிக்கு ஒங்க அண்ணன் மகன் இருக்கான்லான்னுட்டாங்க. நாயகத்துட்டச் சொன்னேன். "சரிப்பா, எடுத்துருங்க. எனக்கு மொகத்த மட்டும் காட்டுங்க, போதும்"ன்னான்.

இப்ப நீங்க சொல்லுங்க தம்பி, நான் என்ன செய்ய? வேலம்மா மகளுக்கு மாட்டேன்னவன். எம்பையன்னா மட்டும் காட்டலாமா? ஊருக்கு ஒரு நியாயம், வீட்டுக்கு ஒரு நியாயமான்னு ஒருத்தனாவது கேப்பான்லா? வாயத் தொறந்து கேக்காட்டாலும் நெனைப்பான்லா? வேலியே பயிர மேஞ்சா பொறவு ஊர்ல எவன் மதிப்பான்?

"நாயகம், அண்டா வாசலுக்கு வந்தாச்சுய்யா. அப்பா போட்டாத்தான் மத்தவன் போடுவான்"னேன்.

"அப்பா"ன்னான். "அப்பா"ன்னு திருப்பியும் ஒரு தடவ சொன்னான். நான் போன அண்டாவுக்குள்ள போட்டேன். மொத ஆளா நாந்தான் போட்டேன். எனக்குப் பின்னால எல்லாரும் போட்டாங்க. எங் கொழுந்தியா உலகம்மா, சங்கரவடிவுக்கு நேர் இளையவ, அவளும் வந்து போட்டா.

பொறவு அது அடிக்க ஆரம்பிச்சிட்டு. நான் எடுக்க மறந்துருவேன்னு சங்கரவடிவுதான் எம்போனுக்குக் கோயில் மணிச் சத்தம் வச்சுக் குடுத்திருந்தா. அண்டாவுக்குள்ள கெடந்து அது அடிச்சா பித்தளை பூராவும் சேந்து அடிக்கும். ஓயும். ஓஞ்ச ஒடனே திருப்பி அடிக்கும். யாரு கூப்பிடுதான்னு அங்க இருந்த அம்புட்டுப் பேருக்கும் தெரியும். கொட்டுக்காரங்க கொட்ட நிறுத்திட்டாங்க. உலகம்மா எந்திரிச்சு வந்தா.

"அத்தான், பிள்ள கூப்புடுதான்லா."

"எனக்குத் தெரியும். நீ போயி உக்காரு."

அவ என்னய ஒரு பார்வ பாத்துட்டு, உக்காராம நேரா கொல்லைப்பக்கம் போனா. அழப் போறான்னு நெனச்சேன். கொஞ்ச நேரத்துல மணிச் சத்தம் நின்னுட்டு. சார்ஜ் தீந்திருக்கும்னு நெனச்சேன். எனக்கு அப்பத்தான் மூச்சே வந்துச்சு.

பொணத்தக் குளிப்பாட்டதுக்கு எங்க பக்கம் ஆம்பளையாளுவ எல்லாரும் கொட்டோட போயிக் கோயில் கெணத்துல தண்ணி எடுத்து வருவாங்க. நீர்மாலைன்னு சொல்லுவோம். எல்லாரும் போனாங்க. நான் போகல. "நீங்க வரலியா அண்ணாச்சி?"ன்னாங்க. "நீங்க போயிட்டு வாங்க"ன்னுட்டேன். தலைமாட்ட விட்டு நான் அசையல. அடுத்தவன் வீட்டுல ஒருத்தன் போன நீட்டுனாலும் போவுதுன்னு விடலாம். எங்க வீட்டுல ஒரு போன் வெளிய வந்துட்டுன்னா எம் பேரு என்ன ஆகும்? கண்ணுல வெளக்கெண்ணெய விட்டுக்கிட்டு நின்னேன் தம்பி. உலகம்மா எம் மூஞ்சியப் பாக்கதும், வாசலப் பாக்கதுமா இருந்தா. துக்கத்துல அப்படி இருக்கான்னு விட்டுட்டேன்.

எடுத்தாச்சு. முடிஞ்சிட்டு. "செக்கர்னா செக்கர்தான்யா, பெத்த மகனுக்கே காட்டல"ன்னு டீக்கடையில பேசிக்கிட்டாங்களாம். பொய் சொல்ல மாட்டேன், அத ஒருத்தன் வந்து சொன்னப்போ அந்தத் துக்கத்துலயும் எனக்குக் கொஞ்சம் தெம்பாத்தான் இருந்துச்சு.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு சொந்தக்காரங்க எல்லாம் போயிட்டாங்க. உலகம்மா முத்தத்துல ஏனம் கழுவிக்கிட்டு இருந்தா. நான் சும்மா ஒரு ஆத்தாமையில சொன்னேன். "நாயகம் நான் கூப்பிட்டா எடுக்க மாட்டேங்கான். இதே பூரணம் பொறுத்துக்கிடலையா? அவளுக்கும் பெத்த தாயிதானே?"

அவ கையில இருந்த சட்டியக் கீழ வச்சா.

"பூரணம் பாத்தாளே அத்தான்."

"என்னத்தப் பாத்தா?"

"அவ அம்மா மொகத்த." எம் பக்கம் திரும்பாமலே சொன்னா. "ஆம்பளைங்க நீர்மாலைக்குப் போயிட்டா வீட்டுல நாங்க மட்டுந்தான. அந்த நேரந்தான் எங்களுக்கு. ஒருத்தி சுருக்குப் பையில போன வச்சிருப்பா. நாலு பேரு முந்தானைய விரிச்சு மறைச்சுக்கிடுவோம். தூரத்துல இருக்க பிள்ள ஆசை தீரப் பாத்து அழுதுக்கிடும். எல்லா வீட்டுலயும் அப்படித்தான் நடந்துச்சு."

"எல்லா வீட்டுலயுமா?"

"எல்லா வீட்டுலயும். வேலம்மா வீட்டுல போனப் புடிச்சுக் காட்டுனது யாருன்னு நெனைக்கிய? எங்கக்காதான். ஒங்க பொஞ்சாதி."

அவ நிறுத்தல.

"அன்னைக்கு எம்போனத்தான் நான் அண்டாவுல போட்டேன். எங்கக்கா போன் என் இடுப்புல இருந்துச்சு. கொல்லையில போயி நாயகத்துட்ட, 'அப்பாவுக்கு அடிக்காதய்யா, நீர்மாலைக்குப் போனதும் சித்தி காட்டுதேன்'னேன். அவனும் சரின்னு காத்துக்கிட்டு இருந்தான். நீங்க நீர்மாலைக்குப் போகலியே அத்தான். நீங்க போகவே இல்லியே."

கேட்டியளா தம்பி? நான் போட்ட சட்டம் எந்த வீட்டுலயும் நடக்கல. எங்க வீட்டுல மட்டுந்தான் நடந்திருக்கு. அந்த முத்தத்துல நின்னப்போதான் எனக்குப் புத்தி வந்துச்சு. மனுசன நம்பிச் சட்டம் போடப்பிடாது, மெசின்தான் வைக்கணும். மெசின் இருந்திருந்தா பூரணமும் பாத்திருக்க மாட்டா, ஒருத்தரும் பாத்திருக்க மாட்டாங்க. எம்பையன் ஒருத்தன் மட்டும் பாக்காதவனா நின்னிருக்க மாட்டான்லா? எல்லாருக்கும் ஒண்ணுன்னா மனசு ஆறிரும். என்ன தம்பி, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிய?

தெருவுல அடுத்த துட்டிக்கே அண்டா வரல. கேட்டா, காதுகுத்து வீட்டுல பிரியாணிக்குப் போயிருக்குன்னாங்க. துட்டி வீட்டுல ஒருத்தன் முக்காலி மாதிரி ஒண்ண நட்டு, அதுல போன மாட்டி, பொணத்துக்கு நேரா வச்சிருந்தான். வெளிநாட்டுல இருக்கவங்க பாக்கதுக்காம். நான் சத்தம் போட்டேன். யாரும் என்னய ஏசல. ஏசிருந்தாக் கூடத் தேவல. "அண்ணாச்சி, நீங்க வீட்டுக்குப் போங்க"ன்னு கையப் புடிச்சுக் கொண்டு வந்து விட்டுட்டாங்க. அடுத்த கூட்டத்துல செயலாளரும் வேற ஆளு. மாடத்தி ஸ்டிக்கர் இன்னும் சுத்திக்கிட்டுத்தான் இருக்கு.

நாயகம் ஒரே ஒரு தடவ பேசுனான். பதினாறு கழிஞ்சு ரொம்ப நாளைக்குப் பொறவு, அவனாக் கூப்பிட்டான். நான் எப்பிடி இருக்கேன்னு கேக்கல.

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன். நான் வாங்கிக் குடுத்த செவப்புக்கல் மூக்குத்தியா, பழைய மூக்குத்தியா, எதப் போட்டிருந்தா அம்மா?"

அவன் கண்ண மூடுனா ஒரு மொகம் வரணும்லா. அதுக்குக் கேக்கான். நான் டக்குன்னு, "நீ வாங்கிக் குடுத்ததுதான்யா, செவப்புக்கல்லு"ன்னேன். பிள்ள மனசு குளுரட்டும்னுதான் சொன்னேன்.

அவன் பைய சொன்னான். "எடுக்கதுக்கு முன்னாலயே கழட்டி வச்சிட்டேன்னு சித்தி சொன்னா. மூக்குல ஒண்ணுமே இல்லன்னா." ஒடனே திருப்பிக் கேட்டான். "அப்பா, அப்ப நீங்களும் பாக்கலியா?"ன்னான். வச்சிட்டான். அதுக்குப் பொறவு எந்த நம்பர்ல இருந்து கூப்பிட்டாலும் எங் கொரலக் கேட்டா வச்சிருதான்.

அவன் கேட்டது நெசந்தான் தம்பி. நான் பாக்கல. தலைமாட்டுல நின்னவன் சனத்தோட கையத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். செக்கிங் வேலையில பழகுன பழக்கம், ஆளு மூஞ்சியப் பாக்க மாட்டேன், கையத்தான் பாப்பேன். வாய்க்கரிசி போட்டேன். கை போட்டுச்சு, கண்ணு வாசல்ல நின்னுச்சு. சரி, சுடுகாட்டுல பாத்துக்கிடலாம்னு இருந்தேன். அங்க கடைசியா ஒரு தடவ தொறந்து வச்சு, "மொகம் பாக்கவங்க பாத்துக்கிடுங்க"ன்னு சத்தம் குடுப்பாங்கள்ளா. குடுத்தாங்க. நானும் கிட்டப் போனேன். அந்நேரம் பாத்து பொணவண்டி ஓட்டி வந்த டிரைவர் ஓரமா நின்னு காதுல போன வச்சிட்டான். அடுத்த சவாரி எந்த ஊருன்னு கேட்டுக்கிட்டு இருக்கான். எனக்கு வந்துச்சே கோவம். நேரா போயி அவன ரெண்டு ஏசு ஏசி, போன அணைச்சுச் சட்டப் பையில போட வச்சிட்டுத் திரும்பி வாரேன். வரட்டிய அடுக்கி மூடிட்டாங்க.

பாத்தியளா, அந்தப் போனு செஞ்ச வேலைய? அன்னைக்குச் சுடுகாட்டுல ஒரு மெசின் இருந்திருந்தா அந்த டிரைவர் பேசிருக்க மாட்டான். நான் பாத்திருப்பேன். பாத்திருந்தா எம்பையன் கேட்டதுக்கு, "ஒண்ணும் போடலய்யா, அம்மாவுக்கு மூக்கு வெறுமனேதான் இருந்துச்சு"ன்னு சொல்லிருப்பேன்லா தம்பி.